அரபியில் பக்கம் மாறிய இருதயம்

போன மாதம் எனக்கு நெஞ்சில் லேசான படபடப்பு. மகன் விடவில்லை. தேனிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்க வைத்தான். அங்கே அந்த மிஷின் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. என்னைப் படுக்க வைத்துக் கை கால்களில் வயர் மாட்டியது ஒரு சின்னப் பெண், நர்ஸ் வேலைக்குப் புதிது. காகிதம் ஓடி முடிந்ததும் டாக்டர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இடது கை வயரை வலது கையில மாட்டியிருக்க. கோடு தலைகீழா விழுந்திருக்கு பாரு" என்று அந்தப் பிள்ளையை ஒரு பிடி பிடித்தார். அது உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது, கண் தளும்பிவிட்டது.

நான் படுத்த வாக்கில் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கட்டில் குலுங்குகிறது, வயர்கள் ஆடுகின்றன, மகன் பதறிப்போய் என் தோளைப் பிடிக்கிறான். எனக்கு மூளைக்குள் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பான்.

"அழாத ஆத்தா" என்றேன் அந்தப் பிள்ளையிடம். "நீ வயரைத்தானே மாத்துன. நான் ஒரு மனுசனோட இருதயத்தையே தூக்கி வலப்பக்கம் வச்சவன்."

அது கண்ணீரோடு வாயைப் பிளந்தது. அந்தக் கதையை அங்கேயே சொல்லியிருப்பேன். வெளியே வரிசை நின்றது. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கம்பவுண்டராக இருந்தவன். உத்தமபாளையத்தில் பிறந்தேன். சின்ன வயதில் ஏழு வருடம் அரபி ஓதினேன். பிறகு அத்தாவுக்கு என்ன தோன்றியதோ, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். நாலாம் பாரம் முடித்து, மதுரைக்குப் போய் மருந்து கலக்கவும் மாத்திரை உருட்டவும் கட்டுப் போடவும் கற்றுக்கொண்டு, சொந்த ஊர் சர்க்கார் டிஸ்பென்சரிக்கே வந்து சேர்ந்தேன். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணம்கூட ஆகாத வயது. கம்பம் பள்ளத்தாக்கிலேயே அரபியும் இங்கிலீஷும் மருந்தும் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. தலையில் தொப்பி நிற்காத அளவுக்கு நினைப்பு.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் வேதமாணிக்கம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்.எம்.பி. படித்தவர். ஒல்லி உடம்பு, பெரிய காது, காதில் எப்போதும் ஒரு பென்சில். அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. நல்ல மனநிலையில் இருந்தால் என்னை "ஏலே காதரு" என்பார். கொஞ்சம் கோபம் வந்தால் "காதரு, இங்க வாங்க" என்று மரியாதை ஏறும். இன்னும் ஏறினால் "காதர் சார்". எல்லை மீறிவிட்டால், குரலைத் தாழ்த்தி, எழுந்து நின்று, "காதர் அவர்களே" என்பார். "அவர்களே" வரைக்கும் நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். அந்தத் தடவையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் ஹக்கீம் மீராசா ராவுத்தர் இருந்தார். நாற்பது வருடம் யுனானி வைத்தியம் பார்த்தவர். கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வரும். எனக்கு அம்மா வழியில் தூரத்து மாமா. அந்த வருடம் அவருக்குக் கால் வீங்கியது. பத்து எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினார். தன் மருந்தெல்லாம் தானே சாப்பிட்டுப் பார்த்தார், வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. அவர் மனைவி சபியா மாமி ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் டிஸ்பென்சரிக்கு வந்து, "டாக்டரை ஒரு எட்டுக் கூட்டிட்டு வா காதரு. அவுக திட்டுனா திட்டட்டும்" என்றார்.

டாக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். வெளியே வந்ததும் என்னிடம் மட்டும் சொன்னார். "இருதயம் சோர்ந்துபோச்சுலே. துடிப்பு கல்லு ரோட்டுல போற மாட்டுவண்டி மாதிரி தாறுமாறா ஓடுது. டிஜிடாலிஸ் குடுத்தா பிழைப்பாரு. குடுக்காட்டி ரெண்டு மாசம் தாங்குறது கஷ்டம்."

டிஜிடாலிஸ் என்பது ஒரு இலையிலிருந்து எடுக்கிற மருந்து. சொட்டு மருந்தாகக் கொடுப்பதுதான் அப்போது வழக்கம். அதில் சாராயச் சத்து கலந்திருக்கும், ஹக்கீம் நாக்கில் வைக்கமாட்டார் என்றேன். டாக்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இலையைப் பொடியா வரவழைச்சு மாத்திரையா உருட்டு. அவரு நம்பிக்கையில நாம ஏன் கை வைக்கணும்?" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

மாத்திரையைக் கொண்டுபோய் நீட்டினால், ஹக்கீம் கையைக்கூட நீட்டவில்லை.

"இது உள்ள போயி எந்த வழியா இருதயத்துக்குப் போகுது? அங்கருந்து எந்தக் குழாயில ஏறுது? நுரையீரலுக்கு எப்படிப் போகுது, எப்படித் திரும்புது? எல்லாத்தையும் உங்க டாக்டருகிட்ட கேளு" என்றார், நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு. "அரபில எழுதிக் கொண்டா. நாப்பது வருசமா அரபில வாசிச்சுப் பாக்காத மருந்தை ஒருத்தனுக்கும் நான் குடுத்ததில்ல. எனக்கு நானே குடுப்பேனா?"

டாக்டர் கோபப்படுவார் என்று பயந்துகொண்டே வந்து சொன்னேன். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"நியாயமான ஆளுதாம்லே. எழுதுவோம்" என்றார்.

அந்த ஒன்பது நாள்! என் முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் அப்படி ஒரு ஒன்பது நாள் மறுபடி வரவில்லை. மருந்துக்கு வருகிற கூட்டம் கலைந்ததும் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவோம். டாக்டரின் முறை இது. முதலில் அவர் இங்கிலீஷில் உள்ளதைத் தமிழில் வாயால் சொல்வார். நான் கேட்டு, புரிந்த மாதிரி திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம் அந்தப் பொருளின் மேல் விரல் வைக்க வேண்டும். வைத்த பிறகுதான் அரபிச் சொல். எழுதி முடித்ததும், இங்கிலீஷ் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நான் எழுதிய அரபியை மட்டும் பார்த்து மறுபடி தமிழில் சொல்ல வேண்டும். அவர் முதலில் சொன்னதும் நான் கடைசியில் சொன்னதும் ஒத்துவந்தால்தான் அடுத்த வரி.

விரல் வைக்கப் பொருள் வேண்டுமே? கசாப்புக் கடை இபுராகீம் அண்ணனிடம் போய், ஒரு ஆட்டின் ஈரக்குலையை வெட்டாமல் கொள்ளாமல், மூச்சுக்குழாயோடு அப்படியே முழுசாக வேண்டும் என்றேன்.

"முழுசாவா? கறி வைக்கவா, காட்சி வைக்கவா?" என்றார்.

"படிக்கண்ணே."

"படிச்சு முடிச்சா திருப்பித் தந்துருவியா?"

ஒரு பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். டிஸ்பென்சரி மேசையில் வாழை இலை விரித்து அதைப் பரப்பினோம். டாக்டர் மூச்சுக்குழாயில் வாய் வைத்து ஊதினார். நுரையீரல் இரண்டும் புஸ்ஸென்று எழுந்து நின்றன. நான் "யா அல்லா" என்று இரண்டடி பின்னால் போய்விட்டேன். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம், இன்னொரு தடவை ஊதிக் காட்டினார். நல்ல இரத்தம் ஓடும் குழாய்க்குச் சிவப்பு நூல், கெட்ட இரத்தம் ஓடும் குழாய்க்கு நீல நூல் கட்டினோம். ஒவ்வொரு சொல்லுக்கும் "வை விரலை" என்பார். விரல் வைக்காமல் நான் சொல்லைச் சொல்லிவிட்டால் அது தள்ளுபடி.

அரபிச் சொல்லுக்கு நான் போய் நின்றது ஹக்கீம் வீட்டில்தான். அவருடைய பழைய மருத்துவப் புத்தகம் வீட்டைவிட்டு வெளியே வராது. அவருக்காக எழுதுவதற்கு அவர் எதிரிலேயே உட்கார்ந்து, அவர் புத்தகத்திலிருந்தே சொற்களைப் பொறுக்கினேன். இருதயம் கல்பு, நுரையீரல் ரிஆ. இரண்டிலும் சிக்கல் இல்லை. இரத்தக் குழாய்களில்தான் வந்து மாட்டிக்கொண்டேன்.

குழாய் இரண்டு வகை, ஷிர்யான் என்று ஒன்று, வரீத் என்று ஒன்று. எங்கள் டாக்டரின் கணக்கில், இருதயத்தைவிட்டுப் போவதெல்லாம் ஷிர்யான், இருதயத்துக்கு வருவதெல்லாம் வரீத். பழைய புத்தகத்தின் கணக்கு வேறு. இருதயத்தின் வலது அறையோடு சேர்ந்ததெல்லாம் வரீத், இடது அறையோடு சேர்ந்ததெல்லாம் ஷிர்யான். உடம்பு முழுக்க இந்த இரண்டு கணக்கும் சமாதானமாகப் போகின்றன. இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் நடுவே ஓடுகிற குழாய்களில் வந்ததும் முட்டிக்கொள்கின்றன. டாக்டர் ஷிர்யான் என்பதைப் புத்தகம் வரீத் என்கிறது. புத்தகம் ஷிர்யான் என்பதை டாக்டர் வரீத் என்கிறார்.

எனக்குத் தலை கிறுகிறுத்தது. டாக்டரிடம் சொன்னேன். அவர் ஈரக்குலையையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சொன்னார், "பேரு அவரு புத்தகத்துல உள்ளபடியே இருக்கட்டும். அது பக்கத்துல, இது எங்க கிளம்பி எங்க போகுதுன்னு ஒரு வரி எழுதிரு. பேருக்குச் சண்டை போட்டா மாத்திரை உள்ள போகாது."

அப்படியே எழுதினேன். வலது அறையிலிருந்து கிளம்பி நுரையீரலுக்குப் போவது; நுரையீரலிலிருந்து இடது அறைக்குத் திரும்புவது. ஐந்து தாள். என் கையெழுத்து அதுவரை அப்படி அழகாக வந்ததே இல்லை. கடைசியாக ஒரு படம் மட்டும் பாக்கி. அந்த நேரத்தில் வருசநாட்டுப் பக்கம் காலரா என்று தகவல் வந்து, டாக்டர் ஊசிப் பெட்டியோடு வண்டி ஏறினார்.

"என் புத்தகத்துல இருக்குற படத்தைப் பாத்து வரைஞ்சு வை. நான் வந்து பாத்த பிறகுதான் அவரு கைக்குப் போகணும், தெரிஞ்சுதா?" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

படம் ஒரு ஆளின் மேலுடம்பு. நம்மைப் பார்த்து நிற்பான், நெஞ்சு திறந்திருக்கும், உள்ளே இருதயமும் நுரையீரலும் குழாய்களும், கீழே ஈரலும். மெல்லிய தாளில் எண்ணெய் தடவி, புத்தகத்தின் மேல் வைத்து, கோடு பிசகாமல் எடுத்துவிட்டேன். முகத்துக்கு என் சொந்தச் செலவில் ஒரு மீசையும் வைத்தேன். அப்புறம்தான் எனக்கு அந்த ஞானம் பிறந்தது.

இங்கிலீஷ் இடமிருந்து வலம் போகும். அரபி வலமிருந்து இடம் வரும். இங்கிலீஷ் புத்தகத்தை ஒரு பக்கமிருந்து திறக்கிறோம், அரபிப் புத்தகத்தை மறுபக்கமிருந்து. அப்படியென்றால் இங்கிலீஷ் படத்தை அரபியில் போடும்போது? திருப்பித்தானே போட வேண்டும்! இதை டாக்டர்கூட யோசிக்கவில்லையே, நான் யோசித்துவிட்டேனே என்று எனக்கு உடம்பெல்லாம் ஜிலுஜிலுத்தது. எண்ணெய்த் தாளைக் குப்புறப் போட்டு, அந்தப் பக்கத்திலிருந்து மை ஏற்றி, நல்ல தாளில் இறக்கி, பெயர்களை அரபியில் எழுதி முடித்தேன். முடித்த சந்தோஷத்தில் எனக்கு நானே கடையில் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

நாலு நாள் பொறுத்திருந்தால் டாக்டர் வந்திருப்பார். மறுநாள் காலையில் சபியா மாமி வந்தார். "வீக்கம் இடுப்புக்கு ஏறிருச்சு காதரு. எழுதுனது என்னாச்சு, எழுதுனது என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்காக" என்றார். தாள்களை எடுத்துக்கொண்டு அவரோடேயே கிளம்பிவிட்டேன். பாதி இரக்கம், பாதி பெருமை. இந்த வயதில் எதற்குப் பொய்? பெருமைதான் கூட.

ஹக்கீமைப் பார்க்க அன்றைக்கும் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் தலையணைகளில் சாய்ந்தபடி ஒவ்வொரு தாளாக வாசித்தார். உதடு அசைகிறது, தலை ஆடுகிறது. குழாய்களின் பெயர் வந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தார்.

"என் புத்தகத்துப் பேரையே போட்டிருக்கான். மரியாதை தெரிஞ்ச டாக்டருதான்" என்றார். மாத்திரையைக் கையில் எடுத்தே விட்டார். இன்னொரு கையால் கடைசித் தாளைப் புரட்டினார். படம்.

அந்தக் கை நின்றது.

"எந்திரி மாப்ளே. எனக்கு நேரா வந்து நில்லு."

நின்றேன். படத்தை என் பக்கத்தில் உயர்த்திப் பிடித்தார். மாத்திரை இருந்த கையின் விரல் முட்டியை என் நெஞ்சில் வைத்தார்.

"நீயும் என்னப் பாத்து நிக்கிற. இந்த மீசைக்காரனும் என்னப் பாத்து நிக்கிறான். உன் இருதயம் இங்கன அடிக்குது. அவனுக்கு ஏன் அங்கன இருக்கு?"

என் இருதயம் அப்போது அடித்த அடியில் அது எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

"வலது அறைன்னு எழுதியிருக்கான், இடது பக்கம் வரைஞ்சிருக்கான். ஈரலும் பக்கம் மாறிக் கெடக்கு" என்றார் சுற்றி இருந்தவர்களைப் பார்த்து. "இருதயம் எந்தப் பக்கம்னு தெரியாத ஆளுக மருந்து குடுக்காக. இதைத் தின்னா எங்க போயிச் சேரும்?"

மாத்திரை என் உள்ளங்கைக்குத் திரும்பி வந்தது.

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். "தப்பு என்னுது மாமா, டாக்டரு இதைப் பாக்கவே இல்ல" என்று ஒரே ஒரு வரி. அது வரவில்லை. நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பள்ளத்தாக்கிலேயே ஒரே ஆள் என்ற நினைப்பு விடவில்லை. ஒரு நல்ல மனிதர் மேல் விழுந்த பழியை அங்கேயே போட்டுவிட்டு, தாள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த கேவலமான காரியம் அது.

டாக்டர் வருசநாட்டிலிருந்து திரும்பிய அன்று முதல் நோயாளி ஒரு கிழவர், இருமல். டாக்டர் குழாயை எடுத்ததும் கிழவர் தன் இடது நெஞ்சைத் தட்டிக் காட்டி, "எனக்கு இங்கன இருக்குங்கய்யா" என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டு அனுப்பினார். இரண்டாவது ஒரு அம்மாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. "பிள்ளைக்கு இந்தப் பக்கந்தான் அய்யா" என்று முன்கூட்டியே விரலால் காட்டினார். மூன்றாவது ஆள் கால் கட்டிக்கு வந்தவன். அவனும் போகிற போக்கில் நெஞ்சைத் தொட்டு, "மறந்துறாதீக அய்யா, இங்கனதான்" என்றான்.

டாக்டர் குழாயைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"காதரு, இங்க வாங்க."

போனேன்.

"ஹக்கீமுக்குக் குடுத்ததை எடுத்துட்டு வாங்க சார்."

எடுத்து வந்தேன். படத்தைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். எழுந்து நின்றார்.

"காதர் அவர்களே. தாங்கள் இதை எதற்காகத் திருப்பினீர்கள்?"

"அரபி வலத்துல இருந்து இடத்துக்கு வருதுங்கய்யா," என்றேன். "அதான் இருதயத்தையும்…"

முடிக்க முடியவில்லை. அவர் முகம் முதலில் கல்லாக இருந்தது. பிறகு அந்தப் பெரிய காது இரண்டும் சிவந்தன. பிறகு உட்கார்ந்தார். மேசையில் தலை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பென்சில் விழுந்தது, கண்ணாடி விழுந்தது. எனக்கு அழுகை வந்தது.

சிரிப்பு நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "மாத்திரை?"

"சாப்பிடலைங்கய்யா. திருப்பிக் குடுத்துட்டாக."

"எத்தன நாளா?"

"மூணு."

அவ்வளவுதான், சிரிப்பு சுத்தமாகப் போய்விட்டது. "என் பேரு கெட்டது கெடக்கட்டும். அந்த மனுசன் செத்தா அது உன் படத்தாலதாம்லே. விரல் வைக்காம ஒரே ஒரு வேலை பாத்த, பாரு. இபுராகீம் கடைக்கு ஓடு."

ஓடினேன். இபுராகீம் அண்ணன் என்னைப் பார்த்ததும், "இன்னும் பாஸாகலையா?" என்றார்.

ஹக்கீம் வீட்டுக் கூடத்தில் வாழை இலை விரித்து ஈரக்குலையை வைத்தபோது, அன்றைக்கு இருந்தவர்களில் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எல்லார் முன்னாலும் சொன்னேன். படத்தை டாக்டர் பார்க்கவே இல்லை, திருப்பியது நான்தான், பார்க்காமல் கொடுத்ததும் நான்தான், அன்றைக்கு வாய்மூடிப் போனதும் நான்தான்.

"ஏண்டா திருப்புன?" என்றார் ஹக்கீம்.

"அரபி வலத்துல இருந்துதானே மாமா வருது. இருதயமும் அப்படித்தான் வரும்னு நினைச்சேன்."

ஹக்கீமின் வயிறு குலுங்கியது. சிரித்தார், சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை, உதடு நீலம் பாய்ந்தது. சபியா மாமி தண்ணீரோடு ஓடி வந்தார். டாக்டர் அவரை நிமிர்த்தி முதுகைத் தாங்கிக்கொண்டார். எனக்கு ஈரக்குலை நடுங்கியது. படத்தால் சாகாத மனிதனைச் சிரிக்க வைத்தே கொன்றுவிட்டேனோ என்று நின்றேன். மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது.

"கொல்லப் பாத்தானே பாவி" என்றார் ஹக்கீம், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "காட்டுங்க டாக்டரய்யா. உங்க கணக்கைக் காட்டுங்க."

டாக்டர் கெண்டியில் தண்ணீர் எடுத்து, நீல மையைக் கலந்து, இருதயத்தின் வலது அறை வழியாக மெதுவாக ஊற்றினார். மை குழாயில் ஏறியது. வெளிறிக் கிடந்த நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து நீலம் பாய்ந்தது. பிறகு அந்தப் பக்கத்துக் குழாய் வழியாக, சொட்டுச் சொட்டாக, இடது அறைக்கு வந்து சேர்ந்தது. நாற்பது வருடம் புத்தகத்தில் வாசித்ததை ஹக்கீம் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தார். மூச்சு வாங்குவதையே மறந்து முன்னால் குனிந்துவிட்டார்.

"விரல் வைங்க" என்றார் டாக்டர்.

வைத்தார்.

"இதுக்கு என் புத்தகத்துல வரீத்னு பேரு" என்றார்.

"இருக்கட்டும்."

"பேரை மாத்த மாட்டேன்."

"மாத்த வேண்டாம். தண்ணி போற வழியப் பாத்தீகளா?"

"பாத்தேன்" என்றார். என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, இதுல இடது பக்கம் எது? திருப்பாமச் சொல்லு."

விரலை வைத்தேன். சரியாகத்தான் வைத்தேன். சபியா மாமி மாத்திரையை நீட்டினார். ஹக்கீம் பிஸ்மில்லா சொல்லி விழுங்கினார். நான் அடுப்படிப் பக்கம் போய் மாமி முன்னால் விக்கி விக்கி அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன், எது எதிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் வீக்கம் வடிய ஆரம்பித்தது. பத்தாம் நாள் ஒரே தலையணையில் படுத்துத் தூங்கினார் என்று மாமி ஓடி வந்து சொன்னார். ஒரு மாதம் கழித்து டிஸ்பென்சரி வரிசையில் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், ஹக்கீம் நிற்கிறார். தெருக்கோடியிலிருந்து தன் காலால் நடந்து வந்திருக்கிறார். நேராக என் முன்னால் வந்து, என் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் மாப்ளே?" என்றார், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

"இடது பக்கம் மாமா."

"அரபில?"

"அரபிலயும் இடதுதான் மாமா."

வரிசையே சிரித்தது. உள்ளே டாக்டர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதன்பின் மாதா மாதம் மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் இதே கேள்வி, இதே பதில். டாக்டர் வேதமாணிக்கம் மாற்றலாகிப் போனார், வேறு டாக்டர்கள் வந்தார்கள், எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன, கேள்வி மட்டும் மாறவில்லை. என் மீசைக்காரன் படத்தைச் சட்டம் போட்டுத் தன் கூடத்தில், ஒரு நிலைக்கண்ணாடிக்கு எதிரே மாட்டி வைத்திருந்தார். கண்ணாடியில் பார்த்தால் இருதயம் சரியான பக்கத்தில் இருக்கும். எழுத்தெல்லாம் திரும்பி நிற்கும். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டி, "என் மருமகன் மொழிபெயர்த்தது" என்பார்.

எட்டு வருடம் அப்படி இருந்தார். ஒரு ரமலான் முடிந்த வாரத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார், ஒரே தலையணையில் படுத்தபடி. நான் போனபோது குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். முகம் மூடுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெஞ்சில் கை வைத்தேன்.

"இடது பக்கம் மாமா" என்றேன்.

அந்த எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் அதற்குச் சிரிக்கவில்லை.

நேற்று மறுபடி தேனிக்குப் போயிருந்தேன், அந்த ஈ.சி.ஜி.யை இன்னொரு தடவை எடுக்க. அதே பிள்ளைதான் இருந்தது. வயரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. பிறகு என் மணிக்கட்டின் மேல் விரலை வைத்தது.

"இது இடது கைதானே தாத்தா?" என்றது.

"இடதுதான் ஆத்தா" என்றேன். "மாட்டு."